கழுத்தில் ஒரு மருந்தறை

– மண்டையோடுங்கீக, பல்லு முப்பத்திரண்டும் முழுசா இருக்கே தாயி. நாரணாபுரத்துல பட்டாசுக் கம்பெனி வெடிச்சு எங்க வீட்டுக்காரரப் பொட்டணமாக் கட்டிக் குடுத்தப்ப நான் பல்லைத்தான் தேடுனேன். நாலுதான் கிடைச்சுச்சு.

– ஏத்தா செல்வலட்சுமி, வந்த எடத்துல பேசுத பேச்சா இது? சின்னம்மா ஆசையா மோதிரத்தக் காட்டுதாக. நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கீழ வையி.

– விடுங்க சண்முகவேல் அண்ணாச்சி, அவங்க பேசட்டும். அக்கா, இது அழகுக்குப் போடுற நகை இல்ல. கான்செப்ட் என்னன்னா, மனுஷன் சாவை மறந்துட்டு ஓடுறான். இந்த மண்டையோடு விரல்ல இருந்தா, நீயும் ஒருநாள் போகப்போறன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அப்ப இருக்குற நாளை ஒழுங்கா வாழணும்னு தோணும். அவ்வளவுதான், சிம்பிள்.

– எம்புட்டு வெல?

– வெள்ளிதானே, பதினோராயிரம்.

– பதினோராயிரம் குடுத்துச் சாவ ஞாபகத்துக்குக் கொண்டு வாராகளா! நல்லாருக்கு நாயம். எங்க தாயில்பட்டில ஒருத்திகிட்ட வித்துப்பிட முடியுமா இத? விடியக்காலம் ஆறு மணிக்குக் கம்பெனி வேன் வந்து தெருமுக்குல ஹாரன் அடிப்பான். அதுக்கு மேல எங்களுக்கு எதுக்கு மோதிரம்?

– உங்களுக்கு விக்கிறதுக்கு இல்லக்கா. பெங்களூர், சிங்கப்பூர்ல இதுக்கு ஆள் இருக்காங்க.

– இருப்பாக, இருப்பாக. மறந்தவுககிட்டத்தான ஞாபகத்த விக்க முடியும்.

– சரி, இந்த வாட்சைப் பாருங்க. இதுல முள்ளே கிடையாது. வயசு, எடை, சிகரெட், குடி, நடக்குற பழக்கம், எல்லாத்தையும் போன்ல போட்டா, இன்னும் எத்தனை நாள் பாக்கின்னு காட்டும். விடிஞ்சா ஒண்ணு குறையும். உங்களுக்குப் போட்டுப் பாப்போமா?

– போடுங்க. சாத்தூர்ல ஜோசியக்காரன் அம்பது ரூவா வாங்கிட்டும் அதச் சொல்ல மாட்டேன்னுட்டான்.

– வயசு?

– நாப்பத்தாறு.

– குடி, சிகரெட்?

– என் பங்கையும் சேத்து எங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டாரு.

– தினம் நடப்பீங்களா?

– வேனத் தவறவிட்டா நடப்பேன்.

– வந்துருச்சு பாருங்க! பதிமூணாயிரத்து நூத்திப் பன்னெண்டு நாள். கிட்டத்தட்ட முப்பத்தாறு வருஷம்க்கா!

– என்ன வேலை பாக்கன்னு அது கேக்கவே இல்லையே தாயி?

– அது... வெளிநாட்டுல செஞ்சது. வேலைன்னு ஒரு கட்டமே இல்ல.

– இருக்காதுல்ல. பட்டாசுக் கம்பெனில மருந்து கலக்குதவ வந்து கேப்பான்னு அவுக நினைச்சிருக்க மாட்டாக. அண்ணாச்சி, சிரிக்காதீக. உங்களுக்கும் போட்டுப் பாப்போம். நாங்க மருந்தறைக்குள்ள, நீங்க கேட்டுக்கு வெளிய புங்க மரத்தடியில. உங்களுக்கு எத்தன நாளு கூடன்னு தெரியட்டும்.

– மேனேஜர்னா நாலு எடம் பாக்கணும்தா. மரத்தடியிலயும் வேலை இருக்கு.

– அக்கா, உங்க கையில வளையல் இல்ல, கால்ல மெட்டியும் இல்ல. ஏதாவது வேண்டுதலா?

– கம்பெனி வாசல்ல ஆணிப் பலகை ஒண்ணு அடிச்சிருக்கு, பாத்திருக்கீகளா தாயி?

– நான் ஃபேக்டரிக்கு ரெண்டு தடவதான் போயிருக்கேன். பூஜைக்கு.

– பூசையன்னைக்கு அதுல மாலை தொங்கும். மத்த நாளு எங்க நகை தொங்கும். வளையல், மெட்டி, கொலுசு, கொண்டை ஊசி, சேலைல குத்துன ஊக்கு, அம்புட்டையும் கழட்டி நம்பர் போட்ட ஆணில மாட்டிட்டுத்தான் உள்ள போகணும். எதுவும் எதுலயும் உரசிறக் கூடாது. தாலிகூட எனக்கு வெறும் மஞ்சக் கயித்துலதான் கிடந்துச்சு, அதுவும் இருந்த வரைக்கும். சாவுக்குப் பக்கத்துல போறவ நகையக் கழட்டி வச்சிட்டுப் போறா. சாவு இருக்குற திசையே தெரியாதவுக நகையப் போட்டு அதக் கூப்பிடுதாக.

– ஐயோ, என்ன அழகா சொல்லிட்டீங்க! இதை நான் எழுதிக்கலாமா? நம்ம பேஜ்ல போடுறதுக்கு?

– எழுதிக்கிடுங்க. அதுக்கும் ஒரு வெல ஒட்டித்தான விப்பீக.

– ஏத்தா, போதும். சின்னம்மாவுக்கு நேரம் ஆகுதுல்ல? வந்த வேலையப் பேசுவோம். கம்பெனிலயே நடுங்காத கை உன் கைன்னு சொல்லித்தான் உன்னக் கூட்டியாந்திருக்கேன். என் மானத்த வாங்கிறாத.

– பேசுங்க அண்ணாச்சி. நானும் அதுக்குத்தான் வந்தேன். தாயி, நான் வாய்க்கு வந்தத உளறுவேன், மனசுல வச்சுக்கிடாதீக. எனக்கு மருந்தறையிலருந்து வெளிய வரணும். என் மக வேலுத்தாய்க்குத் தை மாசம் கல்யாணம். மணமேடையில நான் முழுசா நிக்கணும். பொட்டு வச்ச போட்டாவா நிக்கக் கூடாது. இதுக்கு முன்ன அட்டைப்பெட்டி ஆபீசுல கேட்டேன், வயசாயிருச்சுன்னுட்டாக. தீப்பெட்டி ஆபீசுல மிஷினு வந்துருச்சுன்னுட்டாக. இங்கன கிடைச்சா நாளைக்கு அந்த வேன்ல ஏற மாட்டேன்.

– கிடைச்சுதுன்னே வச்சுக்கோங்க. இதோ, இந்த ஏசி ரூம்தான். கீழ எங்க வீட்டு அச்சாபீஸ் மிஷின் ஓடுறதால தரை கொஞ்சம் அதிரும், மத்தபடி தொந்தரவு இல்ல. பத்து மணிக்கு வந்தா அஞ்சு மணிக்குப் போயிரலாம். நாற்காலில உக்காந்து செய்ற வேலை. தீபாவளிக்கு முன்னாடி சிங்கப்பூருக்கு ஐநூறு பீஸ் ஆர்டர்.

– நாற்காலியா? கால தொங்கப் போட்டு உக்காந்தா எனக்கு வீங்கிப் போகும். பரவால்ல, வீங்கட்டும். என்ன செய்யணும்?

– என் கழுத்துல இருக்கு பாருங்க, இந்தப் பதக்கம். பழைய காலத்து மணல் கடிகாரம், சுண்டுவிரல் அளவுக்குச் சின்னதாக்கியிருக்கேன். கண்ணாடிக் குப்பி, ரெண்டு பக்கமும் வெள்ளி மூடி. கவுத்தா மேல இருக்குற பொடி கீழ இறங்கிரும். ஒரு நிமிஷம். உன் ஆயுசு இப்படித்தான் இறங்குதுன்னு அர்த்தம். இந்தக் குப்பிக்குள்ள சிந்தாம பொடி அடைக்கணும், மூடிய மாட்டி லேசாத் தட்டி இறுக்கணும். நாப்பது பீஸ் நானே செஞ்சு பாத்தேன், கை வலிச்சுப் போச்சு.

– நல்லா மினுங்குதே. வெள்ளிப் பொடியா?

– அதுதாங்க்கா இதோட ஸ்பெஷலே! ஊர்ல எல்லாரும் இதுக்கு மணலை அடைக்கிறான். நான் சிவகாசிக்காரி. ஒரிஜினல் பட்டாசு மருந்து! வாங்குறவங்களுக்கு ஒரு சிலிர்ப்பு இருக்கணும்ல? அண்ணாச்சிதான் ஃபேக்டரிலருந்து கொண்டுவந்து குடுத்தாங்க.

– அண்ணாச்சி?

– ஏன் என்னப் பாக்க? சின்னம்மா ஒரு பொட்டணம் கேட்டாக. ஏதோ போட்டா எடுக்கத்தான்னு நினைச்சேன். முதலாளி வீட்டு மருமக கேட்டா இல்லன்னு சொல்லவா?

– எந்த ரூம்பு மருந்து?

– எட்டு.

– அது என் ரூம்புல்லா. நான் கலந்ததா?

– நீ கலந்ததுதான். அதனால என்ன? இத்துணூண்டு. ஏத்தா, நான் சொல்லுததக் கேளு. வேலை உனக்கு வேணுமா, வேண்டாமா? வேணும்னா வாய மூடிட்டுச் சரின்னு சொல்லு.

– என்னக்கா யோசிக்கிறீங்க? பயமா? நீங்களா பயப்படுறது! நெருப்பு பட்டாத்தானே வெடிக்கும். இங்க யாரு நெருப்பு வைக்கப் போறா?

– எத்தன நாளாக் கழுத்துல கிடக்கு தாயி?

– மூணு வாரம். கார்ல போறேன், மாடி ஏறுறேன், ஒண்ணும் ஆகலையே.

– மூணு வாரம்... சரி. ஒண்ணும் ஆகலைன்னா ஆகாமயே இருக்கட்டும். மெதுவா அடைச்சா, மூடியத் தட்டாம அமுக்கி வச்சா... ஏசி ரூம்பு, வெக்கையும் இல்ல. செஞ்சுறலாம். நாளைக்கு வாரேன்.

– அப்பாடா! அண்ணாச்சி, நீங்க சொன்ன ஆளு சரியான ஆளு.

– நான்தான் சொல்லுதேன்ல சின்னம்மா.

– ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன் தாயி. இந்த மருந்து பச்சரிசி மாவு மாதிரி. அப்பிக்கிடும். சல்லடையிலயே தட்டித் தட்டித்தான் இறக்குவோம். இது என்ன பொலபொலன்னு எறங்குது?

– கரெக்டாப் பிடிச்சீங்க! முதல்ல அப்படித்தான் ஒட்டிக்கிட்டு இறங்கவே மாட்டேன்னுச்சு. அப்புறம் நானே ஒரு ஐடியா பண்ணேன். வைப்பாத்து மணலக் கொண்டாரச் சொல்லி, நல்லா சலிச்சு, பாதிக்குப் பாதி கலந்துட்டேன். இப்ப பாருங்க, எவ்வளவு ஸ்மூத்தா...

– கவுக்காதீக!

– என்னக்கா?

– கைய எடுங்க. அதத் தொடாதீக. அப்படியே உக்காந்திருங்க, குனியாதீக, திரும்பாதீக. அண்ணாச்சி, கீழ போயி மிஷின நிறுத்தச் சொல்லுங்க.

– சின்னம்மா... மணலா கலந்தீக? என்கிட்ட ஒரு வார்த்தை...

– ரெண்டு பேரும் எதுக்கு இப்படி முழிக்கிறீங்க? மணல்தானே? மணல் வெடிக்குமா?

– மருந்தறை வாசல்ல தண்ணித் தொட்டி எதுக்குக் கட்டியிருக்குன்னு தெரியுமா தாயி? காலக் கழுவிட்டுத்தான் உள்ள போவோம். பக்திக்கு இல்ல. பாதத்துல ஒரு மணலு ஒட்டிக்கிட்டு வந்துறக் கூடாது. கலக்குன மருந்த மூணு தடவ சலிப்போம். ஒரு குறுமணலு கிடந்து உரசுனாப் போதும், நெருப்பே வேண்டாம். எங்க வீட்டுக்காரர் ரூம்புல அதான் நடந்துச்சுன்னு சொன்னாக. யாரோ மழையில மிதிச்சுட்டு வந்த மணலு. நாங்க ஒத்த மணலுக்குப் பயந்து சாகுதோம், நீங்க படி போட்டு அளந்து கலந்திருக்கீக.

– சும்மா பயமுறுத்தாதீங்க. புரியுது எனக்கு. சம்பளத்தக் கூட்டணும்னா நேராக் கேளுங்க, இந்த டிராமா எதுக்கு?

– கேட்டீகளா அண்ணாச்சி? சம்பளத்துக்காம். நல்லாருக்கு நாயம். கலந்ததுல மிச்சம் இருக்கா தாயி?

– அந்த அலமாரில காகிதத்துல மடிச்சு வச்சிருக்கேன்.

– அண்ணாச்சி, மெதுவா எடுங்க. பிள்ளையத் தூக்குத மாதிரி. எனக்குக் கடுகளவு போதும், மிச்சத்த அங்கனயே வச்சிட்டு, கீழ போயி அந்த மிஷின நிறுத்திட்டு வாங்க. தாயி, நீங்க உக்காந்த எடத்துலருந்தே கதவு வழியாப் பாருங்க. நான் மொட்டமாடிக்குப் போறேன். அந்த மூலையில, வெறுந்தரையில வைக்கேன். பாத்தீகளா, கடுகு. இதோ ஒரு கல்லு, கோலிக்குண்டு கணக்கா. கையில தீப்பெட்டி இல்ல, நல்லாப் பாத்துக்கிடுங்க. கல்லப் போட்டுட்டுத் திரும்பிக்கிடுவேன்.

– எவ்வளவு பில்டப்பு! நான் ஒண்ணும் சின்னப்... அம்மா!

– காது கேக்குதா தாயி?

– என்ன... என்ன சொல்றீங்க?

– காது கேக்குதான்னு கேட்டேன். அது ஒரு கடுகு. உங்க கழுத்துல எத்தன கடுகு தொங்குதுன்னு அந்த வாட்சுகிட்டக் கேளுங்க.

– அக்கா... இதக் கழட்டுங்க. அக்கா, கழட்டிருங்க.

– அழாதீக. அழுதா நெஞ்சு குலுங்கும், அதுவும் குலுங்கும். சங்கிலியா, கயிறா?

– பட்டு நூலு. பின்னால கொக்கி.

– கொக்கியத் தொட வேண்டாம். தலை வழியாத்தான். கைய மடியில வையுங்க. குப்பிய நான் உள்ளங்கையில ஏந்திக்கிடுதேன். அண்ணாச்சி, மிஷின் நின்னுருச்சா?

– நிறுத்திட்டாக, நிறுத்திட்டாக. பயலுக என்னன்னு கேக்காக.

– டீ குடிக்கப் போகச் சொல்லுங்க. மாடிக்கு ஒருத்தனும் வரக் கூடாது. பக்கெட்டுல முக்காவாசி தண்ணி கொண்டாங்க. பிளாஸ்டிக் பக்கெட்டு, இரும்பு வாளி வேண்டாம். தாயி, மூச்ச அடக்காதீக, மெள்ள விடுங்க. கம்மலு மாட்டும் போல இருக்கு. வலப்பக்கம் தலையச் சாய்ங்க. அம்புட்டு வேண்டாம். ஆங்.

– எனக்கு ரெண்டு வயசுல பையன் இருக்கான்க்கா. நேத்து மடியில உக்காந்து இதப் பிடிச்சு இழுத்து இழுத்து விளையாண்டான். வாயில வேற வச்சான். நான் போட்டோ எடுத்தேன்க்கா. போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன்.

– இப்ப ஞாபகம் வருதாக்கும். பதினோராயிரம் இல்லாமலே.

– திட்டுங்க. நல்லாத் திட்டுங்க.

– திட்ட இப்ப நேரமில்ல. காதுல சிக்கிருக்கு. இருங்க... வந்துருச்சு. அண்ணாச்சி, பக்கெட்டக் காலடியில வையுங்க. வச்சிட்டு அங்கிட்டுப் போங்க. இந்தா... முங்கிருச்சு. தாயி, இப்ப அழுதுக்கிடுங்க.

– கை நடுங்கவே இல்லையே அக்கா உங்களுக்கு.

– இந்நேரம் நடுங்காது. சோறு திங்கும்போதுதான் நடுங்கும். மத்ததெல்லாம் எங்கன?

– அந்த டிரேல. வெல்வெட்டுக்கு அடியில, வரிசையா.

– கல்யாணச் சீர்வரிசை கணக்கா அடுக்கியிருக்கீக! தட்டோட தூக்கக் கூடாது. ஒவ்வொண்ணா எடுத்து முக்குதேன். நீங்க ரெண்டு பேரும் மொட்டமாடியில போய் நில்லுங்க. பொட்டணத்துல மிச்சம் இருக்குறதையும் தண்ணில கரைச்சிருதேன். குப்பி மூடி இறுகிக் கிடக்கு, உள்ள தண்ணி போகாது. அதனால முக்கிட்டோம்னு நிம்மதியாத் தூங்கிறாதீக. பெரிய முதலாளிகிட்டச் சொல்லி, விவரம் தெரிஞ்ச ஆள வரவச்சு அழிக்கணும்.

– மாமாகிட்ட நான் எப்படிச் சொல்வேன்? கடையையே மூடச் சொல்லிருவாரு. சிங்கப்பூர் ஆர்டர்...

– சின்னம்மா, பெரியவருக்கு ஏன் சொல்லிக்கிட்டு? கமுக்கமா நானே கண்மாயில கொண்டுபோய்...

– அண்ணாச்சி! கண்மாயில எங்க பிள்ளைக குளிக்கும். நீங்க ஒண்ணும் கொண்டுபோக வேண்டாம், கொண்டு வந்ததே போதும். தாயி, நீங்க சொல்லலைன்னா நான் போய்ச் சொல்லுவேன். வேலைய விட்டு நிறுத்துனா நிறுத்தட்டும்.

– நான் சொல்றேன்க்கா. சத்தியமா சொல்றேன். ஆனா... உங்களுக்குக் குடுக்குறேன்னு சொன்ன வேலை? ஐநூறு பீஸும் இனி இல்லையே.

– தெரியும். கவுக்காதீகன்னு கத்துனேன்ல, அப்பவே தெரியும் எனக்கு. மூணு நிமிசம் நாற்காலில உக்காந்தேன், கால் வீங்குறதுக்குள்ள எந்திரிச்சிட்டேன். விடியக்காலம் ஆறு மணிக்கு வேனு. என் மகளுக்குத்தான் என்ன சொல்லன்னு தெரியல.

– மணல வச்சு மட்டும் செய்யலாம்க்கா. வெறும் மணல். கொஞ்ச நாள் கழிச்சு...

– வெறும் மணல யாரு வாங்குவா? சிலிர்ப்பு இருக்காதுல்ல. விடுங்க தாயி, எண்ண விடுங்க. முப்பத்தஞ்சு... முப்பத்தாறு... முப்பத்தேழு. முப்பத்தெட்டு. தட்டு காலி. மொத்தம் எத்தனைன்னு சொன்னீக?

– நாப்பது.

– இங்கன முப்பத்தெட்டு. கழுத்துல கிடந்தது ஒண்ணு. இன்னொண்ணு எங்க? யாருக்கும் குடுத்தீகளா? பையன் கையில இருக்கா?

– இல்ல, இல்ல. பையன்கிட்ட இல்ல. யாருக்கும் குடுக்கல. வித்ததும் இல்ல. எங்க வீட்டு வழக்கப்படி முதல் உருப்படிய மட்டும்...

– அண்ணாச்சி, நீங்க ஏன் செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கீக?

– எந்தத் தொழில் தொடங்குனாலும் முதல் உருப்படி ஆத்தாளுக்குத்தான் செல்வலட்சுமி. அதச் சின்னம்மா மஞ்சத் துணில முடிஞ்சு குடுத்தாக. முந்தாநேத்து நான்தான் கொண்டுபோய் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் உண்டியல்ல போட்டேன். இன்னைக்குக் காலைலருந்து உண்டியலத் தரையில கொட்டி, முந்நூறு பேரு சுத்தி உக்காந்து காசத் துழாவிக்கிட்டு இருக்காக.